வினையா, ஊசியா, வேறொன்றா?

1998ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலும் தலைவலியுமாக விழத் தொடங்கினார்கள். சிலருக்கு நினைவு தப்பியது. சிலர் எழவே இல்லை. மூளைக்காய்ச்சல் என்பதில் யாருக்கும் ஐயமிருக்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்றாலே அன்றைய மலேசியாவில் முதலில் நினைவுக்கு வந்தது ஜே.இ. எனப்படும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான். பன்றியின் உடலில் பெருகி, கொசுக்கடி வழியாக மனிதருக்கு வரும் நோய் அது. சில நோயாளிகளின் இரத்தத்தில் அந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருளும் தென்பட்டதால் முடிவு எளிதாகிவிட்டது. கொசுப்புகை அடித்தார்கள். பண்ணைக்காரர்களுக்கும் பன்றிகளுக்கும் ஜே.இ. தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. பன்றிகள் லாரியேறித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போயின. நோயும் கூடவே போயிற்று. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து பிரித்தெடுத்த கிருமி ஜே.இ. அல்ல, இதுவரை யாரும் அறியாத ஒன்று என்பது தெரிந்தது. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. கணக்கு முடிந்தபோது மலேசியாவில் மட்டும் 265 பேர் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாகி, 105 பேர் இறந்திருந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அரசு கொன்று புதைத்தது.

தடுப்பூசியால் மிக அரிதாக வரும் நரம்புக் கோளாறுகளைக் கண்காணிப்பது பற்றிப் பேச இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். நிப்பா தடுப்பூசியால் வந்த நோய் அல்லவே. அல்ல, அதனால்தான் எடுத்துக்கொண்டேன். 1999 ஜனவரியில் பேராக்கில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கணவனுக்கு ஊசி போட்டாயிற்று. பத்து நாளில் காய்ச்சல், பிறகு மயக்கம், பிறகு பிணம். அந்த வீட்டுப் பெண்ணின் முன் மூன்று விளக்கங்கள் நின்றிருக்கும். ஊசி பலிக்கவில்லை என்பது ஒன்று. ஊசியே கொன்றது என்பது இன்னொன்று. அன்றிருந்த ஜே.இ. தடுப்பூசி எலியின் மூளையில் கிருமியை வளர்த்து, கொன்று, சுத்திகரித்துச் செய்யப்பட்டது. மூளைத் திசு கலந்த ஊசி மனித மூளைக்கு எதிராகவே உடலைத் திருப்பிவிடலாம் என்ற அச்சம் மருத்துவர்களுக்கே உண்டு; ஆகவே அவள் அப்படி நினைத்திருந்தால் அது மூடத்தனம் ஆகாது. மூன்றாவது, நோயே வேறு என்பது. மூன்றும் ஒரே நிகழ்ச்சிக்குப் பொருந்தும். எவ்வளவு அழுதாலும், எவ்வளவு கூர்மையாக யோசித்தாலும், அந்த ஒரு சாவைக் கொண்டு மூன்றில் எது உண்மை என்று சொல்ல முடியாது. யாருக்கு எந்தத் தேதியில் ஊசி போடப்பட்டது, யார் பன்றியைத் தொட்டார், யார் தொடவில்லை, யார் விழுந்தார், யார் விழவில்லை என்ற பதிவு ஓரிடத்தில் சேர்ந்தால்தான் சொல்ல முடியும்.

நான்காவது விளக்கம் ஒன்றும் உண்டு. நம் வீடுகளில் துக்கம் கேட்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அவன் விதி அவ்வளவுதான், போன பிறவியில் செய்த வினை. ஆறுதலுக்காகச் சொல்லப்படும் வரை இதில் குற்றம் காண எனக்கு விருப்பமில்லை. ஆனால் காரணமாகச் சொல்லப்படும்போது, சைவ சித்தாந்தத்தின் கண்கொண்டே பார்த்தாலும் இது அத்துமீறல். வினை சடப்பொருள், தானாக வந்து ஒருவரைப் பற்றும் அறிவு அதற்கு இல்லை, எந்த வினைக்கு எந்தப் பயன், எப்போது, யாருக்கு என்று கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்பதுதான் மெய்கண்டார் மரபின் வாதம். அப்படியானால் இன்னாருக்கு வந்த பக்கவாதம் இன்ன வினையால் என்று அடுத்த வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்வது, பதியாகிய இறைவனுக்கு மட்டுமே உள்ள அறிவைப் பசுவாகிய உயிர் தனக்கென்று உரிமை கொண்டாடுவதாகும். வினைக் கொள்கையை முழுவதும் ஏற்பவருக்கும் அந்த வினைக்கணக்கின் ஏடு கைக்கு எட்டாது. எட்டும் ஏடு மருத்துவமனையில் இருக்கும் ஏடுதான். அதைப் புரட்டாமல் எட்டாத ஏட்டை மேற்கோள் காட்டுவதைப் பக்தி என்று எப்படிச் சொல்வது? பக்திக்கு எண்ணுவது பகையும் அல்ல. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகி, வருவோர் போவோரை நிறுத்தி, எத்தனையாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று நாள் எண்ணியவர்கள் அம்மனை நம்பியவர்களே. நம்பிக்கை அங்கே எண்ணிக்கையைத் தடுக்கவில்லை.

எண்ணுவது என்றால் எதை எண்ணுவது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாத தமிழர் இல்லை. இந்தியத் தருக்க நூல்கள் இதற்குக் காகதாலீயம் என்றே பெயரிட்டிருக்கின்றன. ஒன்றன் பின் ஒன்று வந்ததாலேயே முன்னது காரணம் ஆகிவிடாது என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். தடுப்பூசிக்கு எதிராக ஒரு தாய் பேசத் தொடங்கியதும் படித்தவர் வாயிலிருந்து வரும் முதல் பதிலும் இதுதான். பாதி பதில் அது. காக்கை உட்கார்ந்ததாலும் பழம் விழுந்திருக்கலாம் அல்லவா? அதைத் தீர்க்க அதே தருக்க மரபு இரட்டை வழி சொன்னது. காரணம் என்று கருதப்படுவது உள்ள இடத்தில் விளைவும் உண்டா, அது இல்லாத இடத்தில் விளைவும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அன்னுவயம், வெதிரேகம் என்று மணிமேகலையின் பௌத்தத் தருக்கப் பகுதியிலேயே வருவது இது. இன்றைய மருந்துக் கண்காணிப்பு செய்வதும் அடிப்படையில் இதையே. ஒரே ஒரு வேறுபாடு, உண்டா இல்லையா என்று கேட்காமல் எவ்வளவு கூடுதல் என்று கேட்கிறது.

பேராக்கை வைத்தே கணக்குப் போடலாம். கில்லன் பாரே என்று ஒரு நரம்பு நோய். உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்க, கால் மரத்து, பலமிழந்து, சிலருக்கு மூச்சுத் தசை வரை செயலற்றுப் போகும். பெரும்பாலும் ஒரு வயிற்றுப்போக்குக்கோ சளிக்காய்ச்சலுக்கோ பின்னால் வருவது. எந்த ஊசியும் போடாத மக்களிலும் ஆண்டுக்கு இலட்சத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு இது வருகிறது. பேராக்கின் மக்கள்தொகை சுமார் 25 இலட்சம். ஆக, ஆண்டுக்கு 25 முதல் 50 பேர். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஒரு தடுப்பூசி போட்டு, அது வெறும் உப்புநீராகவே இருந்தாலும், அடுத்த ஆறு வாரத்தில் மூன்று முதல் ஆறு பேர் கால் இழுத்துக்கொண்டு ஈப்போ மருத்துவமனைக்கு வருவார்கள். ஆறு குடும்பமும் ஊசியால்தான் என்று சத்தியம் செய்யும். யாரும் பொய் சொல்லவில்லை, எல்லோரும் தவறு. இனி அந்த ஊசி 1976இல் அமெரிக்காவில் போடப்பட்ட பன்றிக்காய்ச்சல் தடுப்பூசியைப் போன்றது என்று கொள்வோம். அங்கே நாலு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்ட பிறகு, இலட்சத்துக்கு ஒருவர் அளவில் கில்லன் பாரே கூடுதலானது தெரிந்து, அந்த டிசம்பரிலேயே திட்டத்தை நிறுத்தினார்கள். அதே அளவு பேராக்கில் என்றால் மூன்று முதல் ஆறு பேர் வரவேண்டிய இடத்தில் 28 முதல் 31 பேர் வருவார்கள். ஒரே மருத்துவமனையின் நரம்பியல் வார்டே கண்டுகொள்ளும். ஆனால் கூடுதல் பத்து இலட்சத்துக்கு ஒருவர் என்றால்? ஆறு பேர் வந்த இடத்தில் எட்டு அல்லது ஒன்பது பேர். அடுத்த ஆண்டு அதுவே தற்செயலாகவும் நேரலாம். ஈப்போவில் உள்ள எவ்வளவு கெட்டிக்கார மருத்துவருக்கும் அது கண்ணில் படாது. கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் எல்லாம் சேர வேண்டும். அதுவும் போதாமல் பிற நாடுகளும் சேர வேண்டும். மலேசியா 1990இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்து, தன்னிடம் வரும் புகார்களைச் சுவீடனின் உப்சாலாவில் உள்ள மையத்துக்கு அனுப்பிவருவது இதற்காகத்தான். அரிதான தீங்கு என்பது ஒற்றை மனிதரின் அறிவுக்குள் அடங்காத ஒன்று. அதை அறியும் உறுப்பு ஒரு சமூகம் முழுவதும்தான்.

இப்படிச் சொன்னதும் புள்ளிவிவரக்காரர்களுக்கு ஒரு மமதை வந்துவிடுவதுண்டு. தாய் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை, எண் சொல்வதைக் கேட்டால் போதும் என்று. எண் எங்கிருந்து வருகிறது? ஒரு தாய் வாய் திறந்து சொன்னதிலிருந்துதான். நியாய தரிசனம் நம்பத்தகுந்த சொல்லையும் அறிவுக்கு ஒரு வாயிலாக ஏற்கிறது. யாருடைய சொல் நம்பத்தகுந்தது என்ற கேள்விக்கு வாத்ஸ்யாயனர் தம் உரையில் தரும் விடையை அவர் காலத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர், அவ்வளவுதான் இலக்கணம். ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் அது ஒன்றே என்கிறார். பிறப்போ படிப்போ அங்கே சேரவில்லை. ஆனால் நேரே அறிந்தது என்ற நிபந்தனையையும் விட்டுவிடக் கூடாது. புதன்கிழமை ஊசி போட்டேன், அடுத்த வியாழன் பிள்ளை நிற்க முடியாமல் விழுந்தான் என்பது தாய் நேரே அறிந்தது. அதில் அவளைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஊசியால் விழுந்தான் என்பது அனுமானம்; அதில் அவளுக்குத் தனி உரிமை இல்லை, மருத்துவருக்கும் இல்லை. முதலாவதைப் பதிவேட்டில் அப்படியே ஏற்றுவதும் இரண்டாவதை எண்ணிக்கைக்கு விடுவதும் சேர்ந்ததுதான் கண்காணிப்பு. தடுப்பூசி பற்றிய சண்டைகளில் பாதி, ஒரு தரப்பு இரண்டையும் சேர்த்து ஏற்கச் சொல்வதாலும் மறு தரப்பு இரண்டையும் சேர்த்துத் தள்ளுவதாலும் வருகிறது.

நிப்பாவில் நடந்தது இந்தத் தள்ளல்தான். பன்றிகளே நோயில் இருமுகின்றன என்பது பண்ணைக்காரர்கள் நாள்தோறும் கண்டது. தொலைவிலிருந்தே கேட்கும் குரைப்பு போன்ற இருமல் அது. ஜே.இ. பன்றியை அப்படி இரும வைப்பதில்லை. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கும் வயது ஆண்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆராயப்பட்ட 94 நோயாளிகளின் சராசரி வயது 37. ஒரு பெண்ணுக்கு நாலரை ஆண் என்ற விகிதம். நூற்றுக்கு 93 பேர் பன்றியை நேரடியாகத் தொட்டுப் பழகியவர்கள். அக்கம்பக்கத்து மலாய் முஸ்லிம் கிராமங்களில் நோய் இல்லை. கொசு மதம் பார்த்தா கடிக்கும்? ஊசி போட்டவர்களும் சாகிறார்கள் என்பது எல்லாவற்றிலும் பெரிய சாட்சி. தடுப்பூசிக்குப் பின் வந்த நோய்களைத் தேதி வாரியாகத் திரட்டிப் பார்க்கும் பழக்கம் அன்று வேரூன்றியிருந்தால், ஊசி தவறா அல்லது நோயின் பெயர் தவறா என்ற கேள்வி இன்னும் சில வாரம் முன்பே எழுந்திருக்கும் என்பது என் கணிப்பு. பின்னால் வந்த அறிவை வைத்து முன்னால் இருந்தவர்களைக் குறை சொல்வது எளிது. எதிர்ப்பொருள் கண்டவர்கள் ஜே.இ. என்று நினைத்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் பக்கவிளைவுக்காக வைக்கும் ஏடு பக்கவிளைவை மட்டும் காட்டுவதில்லை என்பதற்குப் பேராக்கைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எதிர்வாதங்களுக்கு வருவோம். இலட்சத்தில் ஒருவருக்கு வரும் கேட்டைத் தம்பட்டம் அடித்தால் மற்ற எல்லோரும் ஊசியை விட்டு ஓடுவார்கள், பிறகு நோயில் சாவார்கள் ஆயிரம் பேர் என்பது வலுவான வாதம். சான்றும் உண்டு. 2005 மே மாதம் ஜப்பான், எலிமூளை ஜே.இ. தடுப்பூசிக்குப் பின் ஒரு சிறுமிக்குக் கடுமையான மூளை-தண்டுவட அழற்சி வந்ததை அடுத்து, அந்த ஊசியை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவோ, ஊசிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. செல்வ நாடு மாற்று ஊசி வரும்வரை காத்திருக்கும். வயல்வெளியில் கொசு மொய்க்கும் ஏழை நாடு என்ன செய்யும்? ஆனால் இந்த வாதம் எதை நிறுவுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு அவசரப்படாதே என்பதைத்தான். நிகழ்ச்சியை மறை என்பதை அல்ல. 2021இல் மலேசியாவில் அஸ்ட்ராசெனெகா கோவிட் ஊசிக்கு நேர்ந்ததை எதிர்ப்பக்கத்தில் வைக்கலாம். மூளைச் சிரையில் இரத்தம் உறையும் அரிய ஆபத்து உலகெங்கும் பேசப்பட்டு, மக்கள் அஞ்சினார்கள். அரசு அதைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, ஆபத்தின் அளவையும் சொல்லி, விரும்புவோர் பதிந்துகொள்ளலாம் என்றது. மே மாதத் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்குமாகத் திறந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. அது கையில் திறன்பேசி உள்ள நகரத்து மக்களின் ஓட்டம்; பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து முதியவர் அந்த வரிசையில் இருந்திருக்க மாட்டார். அதையும் கழித்துக்கொண்டு பார்த்தாலும், உண்மை தெரிந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்ற முடிவு தாங்கவில்லை.

இன்னொரு வாதம் இதைவிடப் பழையது. தருமம் என்ற பெயரிலேயே வருவது. பலரைக் காக்க ஒருவர் பாதிக்கப்படுவது உலக நியதி, அதைத் துருவுவானேன்? நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய முறையில், ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்துச் செய்த மருந்து அது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையமும் நெடுங்காலம் அதைச் செய்தது. போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் முடக்கம் வரும் என்பது தெரிந்தே போட்டார்கள். கடிபட்டவருக்கு வெறிநோய் முற்றிவிட்டால் பிழைப்பே கிடையாது என்னும்போது அது சரியான முடிவு. ஆனால் அந்த முடக்கங்களைத் துருவி எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான் மூளைத் திசு இல்லாத ஊசியைத் தேடினார்கள். இந்தியா 2004இல் பழைய மருந்தின் உற்பத்தியை நிறுத்தவும் முடிந்தது. நியதி என்று விட்டிருந்தால் இன்னும் ஆட்டு மூளைதான். ஒருவரின் இழப்பைத் தியாகம் என்று அழைப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தியாகம் தெரிந்து தருவது. ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளை எதையும் தரவில்லை; அதனிடமிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் பயன் பெற்ற நாம் எல்லோரும், ஆகவே கடனும் நம்முடையது.

கடனைப் பதிவேட்டில் சேர்க்க யார் இருக்கிறார்கள் என்பது பேராக்கில் கடினமான கேள்வி. தோட்டம் இருந்த காலத்தில் டிரஸ்ஸர் எனப்படும் தோட்ட மருத்துவ உதவியாளர் இருந்தார். நிர்வாகத்தின் சம்பளக்காரர்தான், அவரைப் புனிதராக்க வேண்டாம். ஆனால் எந்த லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு எப்போது ஊசி போட்டது, எப்போது காய்ச்சல் வந்தது என்பது ஒரே தலைக்குள் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, மக்கள் ஈப்போவின் புறநகர் மலிவு வீடுகளுக்குச் சிதறினார்கள். ஊசி ஓர் அரசு கிளினிக்கில், காய்ச்சல் ஒரு தனியார் கிளினிக்கில், வலிப்பு பெரிய மருத்துவமனையில். மூன்றையும் சேர்த்து அறிந்தவர் தாய் மட்டுமே. தோட்டத்தில் இப்போது பழம் வெட்டுகிற வங்காளதேசத்துத் தொழிலாளிக்கு அந்தத் தாயும் பக்கத்தில் இல்லை. பொதுமக்களே பக்கவிளைவை நேரடியாகத் தெரிவிக்க தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் வழி வைத்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதைத் தைப்பூசக் கூட்டத்திலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ யாரேனும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பணம். கோவிட் தடுப்பூசியால் நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் ஐந்து இலட்சம் ரிங்கிட் வரை, நீண்ட மருத்துவமனை வாசத்துக்கு ஐம்பதாயிரம் வரை என்று மலேசிய அரசு 2021இல் ஒரு நிதி வைத்தது. தொடர்பு உண்டு என்று நிபுணர் குழு கண்டால்தான் தொகை. கேட்க நியாயமாக இருக்கிறது. மேலே போட்ட பேராக் கணக்கை எடுத்துக்கொண்டால் சிக்கல் தெரியும். எண்ணிக்கை எட்டுப் பேரில் இரண்டு பேர் ஊசியால் என்று சொல்லும். எந்த இரண்டு பேர் என்று ஒருபோதும் சொல்லாது. எட்டு பேரின் நரம்பையும் சோதித்தாலும் ஒன்று போலவே இருக்கும். தனித்தனியே காரணம் நிரூபி என்று கேட்டால், ஊசியால் பாதிக்கப்பட்ட அந்த இருவரையும் சேர்த்து எட்டு பேரையும் திருப்பி அனுப்ப நேரிடும். எட்டு பேருக்கும் முழுத் தொகையைக் கொடுத்தால் நாற்பது இலட்சம் ரிங்கிட். 25 இலட்சம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒரு ரிங்கிட் அறுபது சென். எப்படியும் நோய் வந்திருக்க வேண்டிய ஆறு பேருக்கும் அதில் பணம் போய்விடும் என்பது உண்மை. நடக்க முடியாமல் போன ஆறு பேருக்குப் பணம் போவதைக் கசிவு என்று எழுதும் கணக்கருடன் எனக்கு உடன்பாடில்லை.